பயில்வான் பயிலக்கூடாதா?

மே மாதம் பிறந்துவிட்டால், பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும், அப்பால் பூந்தமல்லிச் சாலையிலும், ஒரு புதுவகைத் திருவிழா தொடங்கிவிடுகிறது. பள்ளிகளின் மதிற்சுவர்கள் தோறும் மதிப்பெண் பதாகைகள் தொங்குகின்றன. பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் கைவிட்டது. அரசு கைவிட்டதைப் பதாகைகள் கைவிடவில்லை. சிரித்த முகங்களும், முகங்களுக்குக் கீழே பெரிய எண்களும் நம்மைப் பார்த்துக்கொண்டேயிருக்கின்றன.

அந்தப் பிள்ளைகளை வாழ்த்துகிறோம். அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒரு வினா நம்மை விடாமல் உறுத்துகிறது. அந்த முகங்களுள், மற்போர் விரிப்பிலோ கபடிக் களத்திலோ அதே பள்ளியின் பெயரைத் தோளில் சுமந்து நின்ற மாணவனின் முகம் உண்டா? பெரும்பாலும் இல்லை. அவனுக்கென்று வேறோர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, கோப்பைகள் தூசி படிந்து நிற்கும் கண்ணாடி அலமாரிதான் அவன் இடம். ஒரே பள்ளிக்குள் இரண்டு சாதிப் பிள்ளைகளை நாம் உண்டாக்கி வைத்திருக்கிறோம். ஒருவன் ‘படிக்கிற பிள்ளை’. மற்றவன் ‘விளையாடுகிற பிள்ளை’. ஒருவனுக்கு அறிவு, மற்றவனுக்கு உடம்பு என்று பாகம் பிரித்துக் கொடுத்தாயிற்று.

இந்தப் பாகப்பிரிவினை பொய்யானது, அநீதியானதுங்கூட. அதை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இரண்டு அவமதிப்புகள்

நம் பள்ளிகளில் விளையாட்டு இரண்டு வகையில் அவமதிக்கப்படுகிறது. முதலாவதை எல்லோரும் அறிவர். கால அட்டவணையில் உடற்கல்விக்கென்று எழுதப்பட்டிருக்கும் வேளையைக் கணக்கு ஆசிரியர் ‘கடன்’ வாங்குகிறார்; அவர் விட்டால் அறிவியல் ஆசிரியர் வாங்குகிறார். திருப்பிக் கொடுக்கப்படாத கடன் உலகில் இது ஒன்றுதான். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கடன் என்ற பெயருங்கூட மறைந்து, அந்த வேளை முழுவதும் பறிமுதலாகிவிடுகிறது. விளையாட்டு வேளையைக் கடன் வாங்காதீர்கள் என்று மாநில அமைச்சரே மேடையில் நின்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை வந்தது என்றால், நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது அவமதிப்பு இதைவிடக் கொடியது. அன்பு முகம் காட்டிக்கொண்டு வருவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘அவன் ஸ்போர்ட்ஸ் பையன் சார், விட்டுவிடுங்கள்’ என்ற சொல்தான் அது. வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் விட்டுவிடுகிறோம். வகுப்புக்கு வராவிட்டால் விட்டுவிடுகிறோம். ஆங்கிலப் பத்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாலும் விட்டுவிடுகிறோம். கோப்பை வந்தால் போதும் என்கிறோம். இதற்குச் சலுகை என்று பெயர். உண்மையில் இது கைவிடுதல். முதலாவது அவமதிப்பு உடம்பு வேண்டாம் என்கிறது. இரண்டாவது, இவனுக்கு அறிவு வராது என்கிறது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

சொல்லே சாட்சி

நம் புறநகர்ப் பகுதியில் கூட்டம் கூட்டும் ஆட்டங்கள் கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டுமே. மற்போர் அவற்றுக்குப் பின்னால்தான் நிற்கிறது. இருப்பினும் மற்போரை எடுத்துக்கொண்டு பேசுகிறோம். காரணம், நாம் சொல்லும் தப்பெண்ணம் வேறெந்த ஆட்டத்தையும்விட அதன்மேல்தான் தடித்துப் படிந்திருக்கிறது. நம் திரைப்படங்களில் பயில்வான் என்றால் யார்? மலைபோன்ற உடம்பும் மந்தமான புத்தியும் கொண்டு, கதாநாயகனிடம் அடிவாங்கிச் சிரிப்பு மூட்டுகிறவன். பாரசீக மொழியில் வீரனைக் குறிக்கும் ‘பஹ்லவான்’ என்ற சொல் தமிழ் நாவில் ‘பயில்வான்’ ஆயிற்று. பயில்கிறவன் என்று பொருள் கொள்ளும்படியாக நம் முன்னோர் அதை வாங்கிக்கொண்டார்கள்; நாமோ பயிலாதவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டோம்.

பழந்தமிழர் இப்படி எண்ணவில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடினார். புறநானூற்றின் 80ஆம் பாடல் அது. மல்லனைப் பாடுவது தமக்கு இழுக்கு என்று அந்தப் புலவர் கருதவில்லை. முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் ‘மாமல்லன்’ என்ற விருதுப்பெயரைப் பெருமையுடன் தாங்கினான். மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களைக் காண உலகமே வருகிறது. அவ்வூர் ஒரு மல்லனின் பெயரைச் சூடியது என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

கடல் கடந்து போனாலும் இதே செய்தி காத்திருக்கிறது. ஏதென்சு நகரில் பிளேட்டோ தம் மாணவரைக் கூட்டிய ‘அகாடமி’யும், அரிஸ்டாட்டில் கற்பித்த ‘லைசியம்’ என்ற இடமும், முதலில் இளைஞர் உடற்பயிற்சி செய்த இடங்களே. பிளேட்டோவே மற்போர் பழகியவர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். செர்மனி நாட்டில் உயர்நிலைப் பள்ளிக்கு இன்றும் ‘கிம்நாசியம்’ என்றே பெயர். அவ்வளவு தொலைவு போவானேன்? அண்டையிலுள்ள கேரளத்தில் வாட்பயிற்சி நடந்த இடமும் களரி. பிள்ளைகள் எழுத்துக் கற்ற இடமும் எழுத்துக்களரி. பள்ளிக்கூடமும் பயிற்சிக்களமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மந்தபுத்திக்காரன் ஆடக்கூடிய ஆட்டமா?

மற்போர் விரிப்பின் நடுவே 9 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். வளர்ந்தோர்க்கான ஆட்டம் மும்மூன்று நிமிடங்களாக இரண்டு பகுதிகள். இடையே முப்பது நொடி ஓய்வு. எதிராளி எந்தக் காலில் எடையை ஊன்றுகிறான், பிடியை எப்போது தளர்த்துகிறான், எத்தனை புள்ளி முன்னே நிற்கிறான், இன்னும் எத்தனை நொடி மீதம் இருக்கிறது என்பவற்றையெல்லாம் மூச்சு இரைக்கும்போதே கணக்கிட வேண்டும். வெறும் முரட்டு வலிமையால் இது கைகூடாது.

களத்துக்கு வெளியேதான் இன்னும் கடினமான கணக்கு இருக்கிறது. 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று ஆட்டங்களில் வென்று இறுதிக்கு வந்தார். மறுநாள் காலை நிறுத்துப் பார்த்தபோது, 50 கிலோ வரம்பைவிட 100 கிராம் கூடுதலாக இருந்ததனால் தகுதியிழந்தார். நூறு கிராம் என்பது இந்தக் களத்தில் அவ்வளவு பெரிது. 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள். மூவரும் போட்டிக்காக எடையைக் குறைக்க உடம்பின் நீரை வற்றவைத்தவர்கள். அதன் பிறகுதான் அந்நாட்டுக் கல்லூரி மற்போர் விதிகள் திருத்தப்பட்டன. உடம்பில் நீர் என்ன வேலை செய்கிறது, உப்பு குறைந்தால் இதயம் என்னாகும், வளரும் பிள்ளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்பவை எல்லாம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலைச் சார்ந்த செய்திகள். ‘இவனுக்கு அறிவியல் எதற்கு?’ என்று கேட்கிறவர், அவன் உயிரைப் பணயம் வைத்துக் கேட்கிறார்.

வீட்டை அடகு வைத்த முதல்வர்

சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை முதன்முதலில் கொண்டுவந்தவர் ஒரு மல்லர். 1952ஆம் ஆண்டு எல்சிங்கியில் வெண்கலம் வென்ற காசாபா தாதாசாகேப் ஜாதவ் என்பவரே அவர். பதக்கம் பலருக்கு நினைவிருக்கலாம். அதற்கு முந்திய கதை பலருக்குத் தெரியாது. ஜாதவ் கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியின் மாணவர். எல்சிங்கி செல்லப் பணம் போதவில்லை. அப்போது அக்கல்லூரியின் முதல்வர் கர்டேகர் தம் சொந்த வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் புரட்டிக் கொடுத்தார். பதக்கத்துடன் திரும்பிய ஜாதவை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகளுடன் ஊரார் வரவேற்றார்கள். அவரோ ஊர்ப் போட்டிகளில் மற்போர் ஆடிப் பணம் சேர்த்து முதல்வரின் கடனை அடைத்தார். பின்னர் 1955இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அன்பு வாசகரே, இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டை அடகு வைத்தவர் கோதாவின் குரு அல்லர். பாடநூலும் தேர்வும் தம் பொறுப்பாகக் கொண்ட ஒரு கல்லூரி முதல்வர். ‘இவன் விளையாட்டுப் பையன்’ என்று அவர் ஒதுக்கவில்லை. ‘இவன் என் மாணவன்’ என்று உரிமை கொண்டாடினார். நம் பகுதித் தலைமையாசிரியர்கள் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு வேளையைத் திருடாமல் இருந்தால் போதும்.

‘ஜாதவ் ஆயிரத்தில் ஒருவர்’ என்பர் சிலர். ஆயிரத்தில் இன்னும் சிலரைச் சொல்லுகிறோம். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய தலிமெரேன் ஆவ், கல்கத்தாவில் மருத்துவம் பயின்றவர். பின்னர் நாகாலாந்து திரும்பித் தம் மக்களுக்கு மருத்துவராகப் பணியாற்றினார். 1972ஆம் ஆண்டு மியூனிக்கில் வெண்கலம் வென்ற ஆக்கி அணியின் வேசு பயசும் மருத்துவரே. ஒரு கையில் பந்தும் மறு கையில் நூலும் ஏந்த முடியாது என்று இவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்!

தனிமனிதர் சான்று போதாது என்பவர்களுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2010ஆம் ஆண்டில், பள்ளி உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 50 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தது. அவற்றில் அளக்கப்பட்ட 251 தொடர்புகளில் பாதிக்குச் சற்று அதிகமானவை படிப்புக்கு நன்மை என்று காட்டின; ஏறத்தாழ மற்ற அனைத்தும் நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்றன; தீமை என்று காட்டியவை 1.5 விழுக்காடு மட்டுமே. மற்போர் ஆடினால் மதிப்பெண் தானாகப் பொழியும் என்று நாம் சொல்லவில்லை. உடற்கல்வி வேளையைப் பறித்தால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்றே சொல்லுகிறோம்.

சதுரங்கத்துக்கு ஒரு நீதி, மற்போருக்கு ஒரு நீதியா?

நம் பகுதியிலேயே ஒரு வேடிக்கை நடக்கிறது. முகப்பேர் வட்டாரத்து வேலம்மாள் பள்ளியில் பயின்ற பிரக்ஞானந்தாவும் குகேஷும் சதுரங்க உலகை வியக்க வைத்தார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் தம் 18ஆம் வயதில் உலக வாகையர் ஆனார். நாடே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அதன்பின் சதுரங்கப் பயிற்சி மையத்தில் பிள்ளையைச் சேர்க்க வரிசையில் நிற்கும் பெற்றோர், அதே பிள்ளை மண்ணில் புரண்டு வந்தால் ஏன் பதறுகிறார்கள்? சதுரங்கம் அறிவு, மற்போர் முரடு என்ற எண்ணமே காரணம். பலகையின் மேல் நகர்த்தினால் சிந்தனை. விரிப்பின் மேல் நகர்ந்தால் சண்டையாம்!

இதன் அடியில் கிடப்பதைத் தோண்டி எடுக்கத்தான் வேண்டும். 1960களில் இங்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. உடம்பால் உழைத்தவர்களே இந்தப் பகுதியைக் கட்டியெழுப்பினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று நம் பள்ளிகளில் உடம்பால் ஆடுகிறார்கள். கடைசலில் நின்றவர் வீட்டுப் பிள்ளை, சித்தாள் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை களத்தில் வென்றால், ‘இவர்களுக்கு உடம்பு இயல்பாகவே வலு’ என்கிறோம். பாராட்டுப் போல ஒலிக்கும் இச்சொல், ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்ற பழைய சொல்லின் புதிய உடையல்லவா? விளையாடுகிற பிள்ளைக்குப் படிப்பு வராது என்னும்போது, உழைக்கிறவன் பிள்ளைக்குப் படிப்பு வேண்டாம் என்றே நாம் சொல்லுகிறோம். நம் சினத்துக்கு இதுவே காரணம்.

விலையைக் கொடுக்கிறவன் அந்தப் பிள்ளைதான். தமிழ்நாட்டில் பொறியியற் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அரசுப் பணியில் 3 விழுக்காடு உண்டு. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கிலும் இயற்பியலிலும் தேறாதவனுக்கு அந்த 500 இடங்களால் என்ன பயன்? பணித் தேர்வின் வினாத்தாளைப் புரிந்துகொள்ள முடியாதவனுக்கு அந்த 3 விழுக்காட்டால் என்ன பயன்? பதினேழு வயதில் முழங்கால் தசைநார் அறுந்தால் மற்போர் அன்றோடு முடிந்துபோகலாம். அன்று ‘விட்டுவிடுங்கள் சார்’ என்றவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். அவன் கற்றது மட்டுமே அவனோடு இருக்கும். அதைத்தான் நாம் அவனுக்குக் கொடுக்காமல் விட்டோம்.

நம் வீட்டுக் குப்பை

பிறரைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை. மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளிலும் பதாகைகள் தொங்குகின்றன. அங்கும் கடன் வாங்கப்படுகிறது. புனித தொன் போஸ்கோவின் படத்தை மாட்டியிருக்கும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. அந்தப் புனிதர் யார்? சிறுவனாய் இருந்தபோது கயிற்றில் நடந்தும் குட்டிக்கரணம் போட்டும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டியவர். தூரின் நகரில் வேலை தேடி அலைந்த ஏழைச் சிறுவர்களுக்கு முற்றத்தையும் வகுப்பறையையும் ஆலயத்தையும் ஒருசேரத் திறந்துவிட்டவர். பிள்ளைகள் ஆடும் முற்றத்தில் ஆசிரியரும் இருக்க வேண்டும் என்பது அவருடைய கல்விமுறை. அவர் முற்றத்தில் நாம் வாகன நிறுத்தம் அமைத்துவிட்டு, சனவரி 31இல் திருவிழாத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

என்ன செய்யலாம்?

குறை சொன்னவர் வழியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1984ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. எந்தப் பாடத்திலாவது 70 மதிப்பெண்ணுக்குக் குறைந்தால், சில வாரங்கள் போட்டியில் ஆட முடியாது. நோக்கம் நல்லதே. ஆனால் பள்ளிக்கு வரவேண்டும் என்ற ஆசையைப் பிள்ளைக்குக் கொடுப்பதே அந்த ஆட்டமாக இருக்கும்போது, அதைப் பறிப்பது மருந்தாகுமா என்ற ஐயம் நமக்கு உண்டு. அதே நாட்டின் தேசிய மற்போர்ப் பயிற்றுநர் சங்கம் வேறொரு வழி கண்டது. வெற்றி தோல்விகளைப் போலவே அணி முழுவதின் பாட மதிப்பெண் சராசரியையும் கணக்கிட்டு, படிப்பில் சிறந்த அணிகளைப் பாராட்டுகிறது. இங்கே ஒருவன் பின்தங்கினால் அணியே பின்தங்கும். ஆகவே கணக்குத் தெரிந்தவன் தெரியாதவன் பக்கத்தில் உட்காருவான். விரிப்பின் மேல் தனித்தனியே நிற்கும் ஆட்டம், மேசையைச் சுற்றிக் கூட்டு முயற்சியாகிவிடுகிறது.

இதை அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் செய்ய முடியாதா? கோடிகள் வேண்டாம். குறுவட்டப் போட்டியில் கோப்பை வழங்கும் மேடையில், படிப்பிலும் முன்னேறிய அணிக்கு இன்னொரு கோப்பை வையுங்கள். மாலைப் பயிற்சி முடிந்தபின் அரைமணி நேரம் அணி முழுவதும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படிக்கட்டும். அவர்களுக்கு ஒரு சுண்டலும் ஒரு முட்டையும் கொடுங்கள். தேர்ச்சி விகிதம் பற்றிய ஆசிரியர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியரையும் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளைகள் அவர் சொல்லைக் கேட்பதுபோல் வேறு யார் சொல்லையும் கேட்பதில்லை. போட்டிக்குப் போனதால் தவறிய பாடத்தைத் திரும்ப நடத்துவது சலுகையன்று, ஆசிரியரின் கடமை என்று எழுதி வையுங்கள். கடன் வாங்கிய வேளைகளைத் திருப்பிக் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் மகனோ மகளோ களத்திலிருந்து மண்ணோடு வீடு திரும்பினால், ‘படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே’ என்று வாசலிலேயே தடுக்காதீர்கள். ‘சாம்பியன்தானே, படிக்காவிட்டால் என்ன?’ என்றும் தட்டிக்கொடுக்காதீர்கள். கை கால் கழுவச் சொல்லுங்கள், சோறு போடுங்கள், பிறகு புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

தொடக்க நூலில் யாக்கோபு ஓர் இரவு முழுவதும் மற்போர் புரிந்தான். தொடை மூட்டு விலகியும் பிடியை விடவில்லை. ஆசி பெற்ற பிறகே விட்டான். களத்தில் அப்படி விடாப்பிடியாய் நிற்கக் கற்ற பிள்ளையை, பாடத்தில் மட்டும் நாமே பிடியை விடச் சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்த மே மாதம் நெடுஞ்சாலைச் சுவர்களில் தொங்கப்போகும் முகங்களுள், காதோரம் விரிப்பில் உராய்ந்த தழும்போடு ஒரு முகமும் இருக்க வேண்டும். அதற்கான வேலை இந்தச் சூன் மாதத்துக் கால அட்டவணையிலேயே தொடங்குகிறது.